தெருவிலிருந்து சுவர் வரை: நகரக் காட்சி ஓவியங்களும் அச்சுகளும் விற்கத் தொடங்குபவர்களுக்கு

நகரக் காட்சிகளை நன்றாக வரைபவர்கள் பலர் இருக்கிறார்கள். ஒரு சின்ன ஸ்டுடியோ தொடங்கி, மூல ஓவியங்களோடு அவற்றின் அச்சுகளையும் விற்கலாம் என்று இறங்கும்போதுதான், வரைவதோடு நேரடியாகச் சம்பந்தப்படாத கேள்விகள் வரிசையாக வந்து நிற்கின்றன. எந்த அளவில் ஸ்கேன் செய்வது, எந்தத் தாளில் அச்சிடுவது, கையெழுத்தை எங்கே போடுவது, ஐம்பது பிரதிதான் என்று சொல்லிவிட்டு ஐம்பத்தொன்றாவதை யாராவது கேட்டால் என்ன செய்வது? இந்தக் கட்டுரை அந்த வரிசையிலேயே போகிறது.

வண்ணமயமான நகர ஓவியம் ஒன்றை ஒருவர் விரும்பி வாங்கும்போது அவரை முதலில் இழுத்தது அதன் நிறம். தெருவில் நீங்கள் பார்த்த நிறம் கேன்வாஸுக்கு வந்து, ஸ்கேனர், கணினித் திரை, தாள் என்று பயணப்பட்டு, கடைசியில் வாங்கியவர் வீட்டுச் சுவரில் போய் உட்கார்கிறது. வழியில் எங்கெங்கே அது கெடும் என்று தெரிந்துவைத்திருப்பது இந்தத் தொழிலில் பாதி. வாங்குபவர் கையில் கொடுப்பது என்ன பொருள் என்பதை உள்ளபடி சொல்வது மற்றப் பாதி.

அச்சு விற்றால் மூல ஓவியத்தை யார் வாங்குவார்கள் என்ற பயம் புதியவர்கள் பலருக்கும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு வெனிஸில் கனலெட்டோ நகரக் காட்சிகளை வரைந்துகொண்டிருந்தபோது, அவருடைய ஓவியங்களை வாங்கியும் பிறருக்கு விற்றுக் கொடுத்தும் வந்தவர் ஜோசப் ஸ்மித் என்ற ஆங்கிலேய வணிகர். அவரிடம் இருந்த பெருங்கால்வாய்க் காட்சிகள் பதினான்கை அன்டோனியோ விசென்டினி செப்புத்தகட்டில் செதுக்கி, 1735-இல் அச்சுத் தொகுப்பாக வெளியிட்டார்கள். அதைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு கனலெட்டோ எப்படி வரைவார் என்பது வெனிஸுக்குப் போகாமலே தெரிந்தது. அச்சே விளம்பரமாக வேலை செய்தது. 1742-இல் அந்தத் தொகுப்பை 38 காட்சிகளாக விரித்து மறுபடி வெளியிட்டார்கள். ஆகவே இரண்டையும் சேர்த்தே விற்கலாம், எது எது என்று பிரித்துச் சொன்னால் போதும்.

1. இடத்தையும் அளவையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள்

பத்து நகரங்களில் பத்து ஓவியம் என்று தொடங்காதீர்கள். ஒரே தெரு, ஒரே சந்திப்பு, ஒரே பாலம் என்று பிடித்துக்கொண்டு ஆறேழு ஓவியம் செய்யுங்கள். ஓவியர் கமீல் பிசாரோ 1897-இல் பாரிஸில் ஒரு ஹோட்டல் அறை ஜன்னலிலிருந்து பார்த்தே மோன்மார்த்ர் பெருஞ்சாலையைப் பதினான்கு முறை வரைந்தார். காலை, மழை, வெயில், பனிமூட்டம் என்று பலவிதம். அதில் ஒன்றே ஒன்றுதான் இரவுக் காட்சி. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வரையும்போது கட்டடங்களின் கோணம் உங்களுக்கு மனப்பாடமாகிவிடும். அப்புறம் கண் முழுக்க ஒளியின் பக்கமே போகும். விற்பனையிலும் இது உதவும்: ஒரு ஓவியத்தை வாங்கியவர் அதே வரிசையில் இன்னொன்றையும் பக்கத்தில் மாட்ட விரும்புவார்.

இடத்துக்கு நேரில் போய்ச் சின்னதாக ஒரு பென்சில் ஸ்கெட்ச் போடுங்கள். உங்கள் கண்மட்டக் கோடு எங்கே வருகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கூரை விளிம்பு, ஜன்னல் வரிசை, நடைபாதை என்று தெருவோடு நீளும் கோடுகள் எல்லாம் அந்தக் கோட்டில் உள்ள மறைபுள்ளியை, அதாவது தொலைவில் அவை ஒன்றுசேர்வதுபோல் தெரியும் புள்ளியை, நோக்கித்தான் ஓடும். சமதளத் தெருவில் உங்கள் உயரமே உள்ளவர்கள் அருகில் நின்றாலும் தொலைவில் நின்றாலும் தலை அந்தக் கோட்டில்தான் இருக்கும். இது ஒன்றைச் சரியாகச் செய்தாலே கூட்டம் நிறைந்த தெரு நம்பும்படி வந்துவிடும்.

கைபேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் நிழலின் நிறத்தைப் படத்திலிருந்து எடுக்காதீர்கள். வெயில் நேரத்துப் படத்தில் நிழல் கிட்டத்தட்டக் கறுப்பாக விழும். நேரில் பார்த்தால் அதே நிழலில் வானத்தின் நீலம் இருக்கும், எதிர்ச்சுவரின் மஞ்சளும் கொஞ்சம் கலந்திருக்கும். ஸ்கெட்ச்சின் ஓரத்தில் 'நிழல் – ஊதா கலந்த நீலம், கீழே போகப்போகச் சூடு' என்று இரண்டு வார்த்தை எழுதி வைத்தால் அது ஸ்டுடியோவில் பெரிய உதவி. இன்னொன்று, கைபேசியின் அகலக் கோண லென்ஸ் உயரக் கட்டடங்களை உள்பக்கம் சாய்த்துக் காட்டும். அப்படியே பார்த்து வரைந்தால் ஓவியமும் சாயும்.

இப்போது பலர் கவனிக்காத விஷயத்துக்கு வருவோம்: நீள அகல விகிதம். தூரிகையைத் தொடும் முன்பே இதை முடிவு செய்ய வேண்டும். ஏ4, ஏ3, ஏ2 எல்லாம் ஒரே விகிதம். பக்கங்கள் 1-க்கு 1.414 என்று இருக்கும். அந்த விகிதத்தில் வரைந்தால் ஒரே படத்தை ஓரம் வெட்டாமல் மூன்று அளவிலும் அச்சிடலாம், கடையில் தயாராகக் கிடைக்கும் ஃபிரேமுக்குள்ளும் அது பொருந்தும். 2-க்கு 3, 4-க்கு 5 என்ற விகிதங்களும் புழக்கத்தில் உள்ளவைதான். எது பிடிக்கிறதோ அதில் ஒன்றை எடுத்து, அந்த வரிசை முழுக்க அதிலேயே நில்லுங்கள். நான் தொடக்கத்தில் கையில் கிடைத்த பலகைகளில் எல்லாம் வரைந்தேன். அச்சுக்குப் போகும்போது ஒவ்வொரு படத்துக்கும் ஓரத்தில் எதை வெட்டுவது என்று தவிக்க வேண்டியிருந்தது. மூலையில் நின்ற ஒரு மரம் அப்படித்தான் போனது. அந்த இழப்பு இன்றும் மனதில் இருக்கிறது.

வேறொருவர் எடுத்த புகைப்படத்தைப் பார்த்து வரைந்து விற்காதீர்கள். அந்தப் படத்துக்கு உரிமை எடுத்தவருடையது. சுவரோவியம், சிற்பம், நிறுவனச் சின்னம் போன்றவை உங்கள் காட்சியில் பெரிதாக வந்தால் அவற்றின் உரிமையையும் யோசிக்க வேண்டும். பொது இடத்தில் உள்ள கட்டடங்களையும் கலைப்பொருட்களையும் வரைந்து விற்கும் உரிமை நாட்டுக்கு நாடு மாறும். ஈஃபில் கோபுரமே எளிதான உதாரணம்: கோபுர வடிவத்தின் உரிமைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது, ஆனால் அதன் இரவு விளக்கு அலங்காரம் தனிப் படைப்பாகவே கருதப்படுகிறது. நீங்கள் வரையும் நாட்டின் சட்டத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். விளம்பரப் பலகைகளில் உள்ள எழுத்தை வெறும் வண்ணப் பட்டைகளாக எளிமைப்படுத்திவிட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும், ஓவியமும் பெரும்பாலும் அதனால் மேம்படும்.

2. மங்காத நிறங்களை வாங்குங்கள்

இந்தப் படியில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். உங்கள் ஓவியத்தின் உயிர் நிறத்தில் இருக்கிறது என்றால், ஐந்து ஆண்டில் வெளிறிப்போகும் நிறத்தை அதில் வைத்து விற்கக் கூடாது.

வான் கோ 1888-இல் தன் படுக்கையறையை வரைந்தபோது சுவரையும் கதவையும் ஊதாவாகத்தான் வரைந்தார். அவர் பயன்படுத்திய சிவப்பு நிறமி ஒளியில் மங்கிவிட்டதால் நாம் இன்று பார்ப்பது நீலச் சுவர். அவர் எண்ணி வைத்த நிறப்பொருத்தம் குலைந்துவிட்டது. இத்தனைக்கும் எண்ணெய் வண்ணத்தில் வரைந்த ஓவியம் அது. மெல்லிய பூச்சாகத் தாளில் நிற்கும் நீர்வண்ணத்தின் நிலைமை இன்னும் மென்மையானது.

ட்யூபின் முன்பக்கம் எழுதியிருக்கும் அழகான பெயரை நம்பாமல், பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் படியுங்கள். பி.ஆர். என்றால் சிவப்பு, பி.பி. என்றால் நீலம், பி.ஒய். என்றால் மஞ்சள், பி.வி. என்றால் ஊதா; அதன் பின் ஒரு எண் வரும். பி.ஆர். 83 என்பது பழைய அலிசரின் கிரிம்சன். பார்க்க ஆழமான அழகு, ஆனால் ஒளியில் நிற்காது. அதற்குப் பதிலாக பி.வி. 19, பி.ஆர். 122 போன்ற குவினாக்ரிடோன் வகைகளை எடுக்கலாம். பி.பி. 29 என்ற அல்ட்ராமரீனும் பி.பி. 15 என்ற தாலோ நீலமும் நம்பிக்கையானவை. ஒளிரும் இளஞ்சிவப்புகளை, ஓபரா பிங்க் என்ற பெயரில் வருவதை, நியான் விளக்கு வரையும் ஆசையில் எல்லோரும் வாங்குவோம். அந்த ஒளிர்வு தருவது ஒரு சாயம். வெளிச்சத்தில் அது சீக்கிரம் போய்விடும். போதாக்குறைக்கு ஸ்கேனரும் அச்சும் அந்த ஒளிர்வைப் பிடிக்கவே பிடிக்காது. அச்சு எடுக்கும் எண்ணம் இருந்தால் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. நியான் வெளிச்சம் வேண்டும் என்றால், சுற்றியுள்ள சுவரைச் சாம்பல் கலந்த நீலமாக அடக்கிவிட்டு நடுவில் சாதாரண குவினாக்ரிடோன் சிவப்பு ஒரு தீற்றல் வையுங்கள். எரிவது போலத் தெரியும். வண்ணமயமான ஓவியம் என்றதும் எல்லா இடத்திலும் பளிச் நிறம் வைப்பவர்கள் இந்தச் சாம்பலின் அருமையைத் தவறவிடுகிறார்கள்.

தரமான வண்ணங்களில் ஒளி தாங்கும் தரத்தையும் அச்சிட்டிருப்பார்கள். அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். தரவரிசையில் 1 மிக நல்லது, 2 நல்லது. அதற்குக் கீழே உள்ளதை விற்பனை ஓவியத்தில் சேர்க்காதீர்கள். ப்ளூ வூல் என்ற வேறொரு அளவுகோலில் கணக்கு தலைகீழ்: 1 மோசம், 8 சிறப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெயரோடு 'ஹியூ' என்று இருந்தால், அந்தப் பெயருக்குரிய அசல் நிறமிக்குப் பதிலாக அதேபோலத் தோன்றும் வேறு நிறமி உள்ளே இருக்கிறது என்று பொருள். அது மோசம் என்று இல்லை, குறியீட்டைப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். உங்களிடம் உள்ள எல்லா நிறங்களையும் ஒரு தாளில் பட்டை பட்டையாகத் தீட்டி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டி வையுங்கள். பிரித்துப் பார்க்கும்போது எதைத் தூக்கி எறிய வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையிருக்காது.

3. ஓவியத்தைக் கணினிக்குள் கொண்டுவருவது

வார்னிஷ் அடிக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். பளபளப்பு ஏறிவிட்டால் வெளிச்சம் தெறித்து உயிரை எடுக்கும்.

ஏ4 அளவுக்குள் இருக்கும் நீர்வண்ணம் என்றால் சாதாரண ஃப்ளாட்பெட் ஸ்கேனர் போதும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது வழக்கமான இலக்கு. ஆகவே ஏ4 ஓவியத்தை 600-இல் ஸ்கேன் செய்தால் நீளமும் அகலமும் இரட்டித்து, ஏ2 அளவு வரை தெளிவாக அச்சிடலாம். ஸ்கேனர் மென்பொருளில் தானாக நிறம் திருத்தும் வசதிகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அந்தி நேர ஓவியம் ஒன்றில் நீங்கள் பாடுபட்டுக் கொண்டுவந்த ஆரஞ்சுச் சாயலை, 'நிறம் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது' என்று நினைத்து அது வெள்ளையாக்கிவிடும்.

பெரிய கேன்வாஸ் என்றால் கேமராதான். ஏ2 அளவில் 300 புள்ளி வேண்டும் என்றால் கணக்குப்படி சுமார் 4961-க்கு 7016 பிக்சல், அதாவது ஏறக்குறைய 35 மெகாபிக்சல். ஏ3-க்கு அதில் பாதி போதும். ஓவியத்தைச் சுவரில் செங்குத்தாக மாட்டி, லென்ஸ் அதன் நடுப்புள்ளிக்கு நேராக, இணையாக இருக்கும்படி முக்காலியில் நிறுத்துங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே வகை விளக்கு, 45 பாகைச் சாய்வில், சம தூரத்தில். ஜன்னல் வெளிச்சத்தையும் அறை விளக்கையும் கலக்காதீர்கள். ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள் என்று விழுந்தால் பிறகு திருத்தவே முடியாது. விளக்கு வாங்கும்போது நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும் எண் (சி.ஆர்.ஐ.) 90-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். 24 கட்டங்கள் கொண்ட வண்ண அட்டை ஒன்றை ஓவியத்தின் அருகில் வைத்து முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், பின்னால் நிறம் சரிசெய்ய அதுவே அளவுகோல். கேமராவை ரா முறையில், அதாவது கேமரா தானாகத் திருத்தாத மூலத் தரவைச் சேமிக்கும் முறையில், வையுங்கள்.

அடுத்து திரையில் திருத்தும் வேலை. மூல ஓவியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். நினைவிலிருந்து செய்தால் கை தன்னால் பளிச்சென்று ஆக்கும் பக்கம் போகும். முடிந்த கோப்பை தரம் குறையாத 16 பிட் டிஃப் (TIFF) கோப்பு வடிவில் சேமித்து, அதை மாஸ்டர் என்று பெயரிட்டுத் தனியாக இரண்டு இடத்தில் வையுங்கள். அளவு மாற்றுவது, கூர்மையாக்குவது எல்லாம் அதன் நகலில் மட்டும்.

'என் அச்சு ஏன் இவ்வளவு இருட்டாக வருகிறது?' என்று கேட்காத புதியவர் இல்லை. நானும் கேட்டேன். முதல் தொகுதி அச்சு கைக்கு வந்தபோது மாலைத் தெரு நள்ளிரவுத் தெருவாக இருந்தது. குறை என் திரையில் இருந்தது: கடையிலிருந்து வந்தபடியே முழு வெளிச்சத்தில் வைத்திருந்தேன். தானே ஒளிரும் திரையில் இருக்கும் வெளிச்சம், அறை ஒளியைத் திருப்பித் தரும் தாளில் வராது. திரை வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா அளவுக்குள் இறக்கி, திரையில் ஒட்டிவைத்து அளக்கும் நிறச்சீர்மைக் கருவி ஒன்றால் சரிசெய்த பிறகு அந்தச் சிக்கல் தீர்ந்தது. கருவி விலைக்கு வாங்க முடியாவிட்டால் நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்கலாம். மாதம் ஒருமுறைதான் தேவைப்படும்.

4. எந்த வகை அச்சு?

அச்சு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன. விற்பவர் இதில் தெளிவாக இல்லாவிட்டால் வாங்குபவர் ஏமாறுவார்.

லினோகட், மரக்கட்டை அச்சு, எட்சிங், கல்லச்சு, ஸ்கிரீன் பிரின்டிங் ஆகியவை முதல் வகை. இவற்றில் ஓவியரின் கற்பனை அச்சுத் தகட்டிலேயே முழு உருவம் பெறுகிறது. ஒவ்வொரு தாளும் அசல் படைப்பு. ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1856 முதல் 1858 வரை வெளியிட்ட எடோ நகரக் காட்சிகள், அதாவது இன்றைய டோக்கியோவின் காட்சிகள், இந்த வகையைச் சேர்ந்தவை. அவர் வரைந்து கொடுத்ததைச் செதுக்குபவர் கட்டையில் செதுக்க, அச்சிடுபவர் நிறத்துக்கு ஒரு கட்டையாக மை தடவி ஒற்றினார். வானத்தில் மேலே அடர்நீலம் தொடங்கிக் கீழே மெல்லக் கரையும் அழகை அச்சிடுபவர் கட்டையில் மையைத் துடைத்தே கொண்டுவந்தார். வண்ணமயமான நகர அச்சு செய்ய விரும்பும் எவரும் அந்தத் தாள்களின் நல்ல படங்களை ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது வகை, வரைந்து முடித்த ஓவியத்தை ஸ்கேன் செய்து இங்க்ஜெட்டில் எடுக்கும் பிரதி. இதைத்தான் 'ஜிக்லே' என்கிறார்கள். கலிபோர்னியாவில் நாஷ் எடிஷன்ஸ் என்ற அச்சகத்தில் வேலை செய்த ஜாக் டுகேன் 1991-இல் இந்தப் பெயரை வைத்தார். பீய்ச்சுவது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து எடுத்தது. இன்று இந்தச் சொல்லை யாரும் காவல் காப்பதில்லை. மலிவான தாளில் சாய மையால் எடுத்ததையும் ஜிக்லே என்று விற்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. அதனால் பெயரோடு நிற்காமல், 'மூல ஓவியத்தின் இங்க்ஜெட் பிரதி, நிறமி மை, பருத்தித் தாள்' என்று முழுமையாக எழுதுங்கள். பிரதி என்று சொல்லக் கூச்சப்படத் தேவையே இல்லை. நல்ல பிரதி மதிப்புள்ள பொருள்.

மையில் சாய வகை (நிறம் கரைந்திருப்பது), நிறமி வகை (நிறம் நுண்துகள்களாக இருப்பது) என்று இரண்டு உண்டு. விற்பனைக்கு நிறமி மைதான். சாய மை முதல் நாள் பளபளக்கும், ஆனால் ஒளியிலும் காற்றிலும் சீக்கிரம் நிறம் இழக்கும். தாளில் நூறு சதவீதப் பருத்தித் தாளே மேலானது. அமிலம் நீக்கிய ஆல்பா செல்லுலோஸ் தாள் சற்றுக் குறைந்த செலவில் கிடைக்கும் நல்ல தேர்வு. கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக இருக்கும் தாள்களில் பெரும்பாலும் ஒளிர்வூட்டிகள் சேர்த்திருப்பார்கள். அவை காலப்போக்கில் வலுவிழந்து தாள் மஞ்சள் சாயும். கொஞ்சம் மங்கலான இயற்கை வெள்ளையை எடுங்கள், உங்கள் மஞ்சள்களும் ஆரஞ்சுகளும் அதில் நன்றாக அமரும்.

மேட் தாளா, மினுப்புத் தாளா என்று கேட்டால் காட்சியைப் பொறுத்து முடிவு செய்வேன். பகல் தெரு, நீர்வண்ணம், இளநிறங்கள் என்றால் மேட். மழை நனைந்த சாலையில் விளக்குகள் பிரதிபலிக்கும் இரவுக் காட்சி என்றால் மெல்லிய மினுப்புள்ள பாரைட்டா வகைத் தாள். மேட் தாளில் கறுப்பு அவ்வளவு ஆழமாக இறங்காது. கறுப்பு ஆழமாக இல்லாவிட்டால் பக்கத்து விளக்கு எரியாது.

அச்சகத்துக்குக் கொடுப்பதாக இருந்தால், அவர்கள் கேட்டாலொழிய கோப்பை சி.எம்.ஒய்.கே-க்கு (அச்சு மைகளின் நிறமுறை) மாற்றாமல், நிறச் சுயவிவரத்தோடு (கோப்பின் நிறங்களை எப்படிப் படிப்பது என்று சொல்லும் குறிப்பு) ஆர்.ஜி.பி-யாகவே (திரையின் நிறமுறை) அனுப்புங்கள். மாற்றும்போதே சில பளிச் நிறங்கள் உதிர்ந்துவிடும். முழு அளவு எடுக்கும் முன், ஓவியத்தின் மிக இருண்ட இடம், மிகப் பளிச்சென்ற இடம், மென்மையான வானம் மூன்றும் வரும்படி ஒரு கீற்று வெட்டி அதே தாளில் சோதனை அச்சு எடுக்கச் சொல்லுங்கள். மை காய்ந்த மறுநாள் பகல் வெளிச்சத்தில் மூல ஓவியத்தின் அருகில் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று முறை திருத்த வேண்டியிருக்கும். அதைச் செலவாக நினைக்காதீர்கள்.

5. எண், கையெழுத்து, பதிவேடு

பதிப்பு இரண்டு வகை. எத்தனை வேண்டுமானாலும் அச்சிடுவது திறந்த பதிப்பு. இத்தனைதான் என்று முன்பே அறிவித்து நிறுத்திக்கொள்வது வரையறுத்த பதிப்பு. புதியவர்களுக்கு நான் சொல்வது: ஏ4 போன்ற சின்ன அளவைத் திறந்த பதிப்பாகவும், பெரிய அளவை வரையறுத்த பதிப்பாகவும் வையுங்கள். ஆனால் இதை முதல் பிரதி விற்கும் முன்பே எழுத்தில் சொல்லியாக வேண்டும். ஏ2-வில் 50 என்று விற்று முடித்த பின் 'ஏ1-இல் இன்னொரு 50' என்று கிளம்பினால், முதலில் வாங்கியவருக்குக் கொடுத்த வாக்கை உடைக்கிறீர்கள். அப்படிச் செய்தவர்களிடம் மறுபடி வாங்க யாருக்கும் மனம் வராது.

எழுதும் முறை எளிது. படத்துக்குக் கீழே உள்ள வெள்ளை ஓரத்தில் இடப்பக்கம் எண், நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்து. 12/50 என்றால் ஐம்பதில் பன்னிரண்டாவது. பென்சிலால் எழுதுங்கள்: பென்சில் கரி மங்காது, தாளில் லேசாகப் பள்ளம் பதியும், அச்சிட்ட கையெழுத்து என்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஓவியர் தனக்கென வைத்துக்கொள்ளும் பிரதிகளில் எண்ணுக்குப் பதிலாக ஏ.பி. (ஆர்ட்டிஸ்ட்ஸ் ப்ரூஃப், ஓவியர் பிரதி) என்று எழுதுவது வழக்கம். அவை பதிப்பில் பத்து சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

'முதல் எண்தான் உயர்ந்ததா?' என்று வாங்குபவர்கள் கேட்பார்கள். உலோகத் தகட்டில் ஊசியால் கீறி அச்சிடும் ட்ரைபாயின்ட் போன்ற முறைகளில் தகடு தேயத் தேயக் கோடு மங்கும், அதனால் முந்தைய பிரதிகளுக்கு அங்கே அர்த்தம் இருந்தது. இங்க்ஜெட்டில் 1/50-க்கும் 50/50-க்கும் தரத்தில் வித்தியாசம் கிடையாது. கேட்டால் இதை அப்படியே சொல்லுங்கள். ஐம்பதையும் ஒரே நாளில் அச்சிட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஐந்தைந்தாக எடுத்து எண்ணைத் தொடரலாம். அதற்கு ஒரு பதிவேடு வேண்டும்: எண், அச்சிட்ட தேதி, தாள், மை, யாருக்குப் போனது. ஒரே எண்ணில் இரண்டு பிரதி வெளியே போய்விட்டால் அதைத் திருத்துவது மகா சங்கடம்.

6. விலை

மூல ஓவியத்துக்குப் பரப்பளவு கணக்கே சுலபம். சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று ஒரு எண் வைத்து எல்லா ஓவியத்துக்கும் அதையே பயன்படுத்துங்கள். உங்களுக்கு மிகப் பிடித்த ஓவியத்துக்கு மட்டும் விலையை ஏற்றினால் மற்றவை தாழ்ந்தவை என்று நீங்களே சொன்னதுபோல ஆகும். பிடித்ததை விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கேலரிகள் விற்பனை விலையில் பாதி வரை எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். அதைக் கணக்கில் சேர்த்த விலையே ஸ்டுடியோவிலும் இருக்கட்டும். கேலரியில் ஒரு விலை, உங்களிடம் நேரில் வந்தால் பாதி விலை என்றால் கேலரியும் போகும், மரியாதையும் போகும்.

அச்சுக்கு விலை போடும்போது தாளையும் மையையும் மட்டும் கூட்டி நிறுத்திவிடுகிறார்கள். சோதனை அச்சுகள், பழுதாகிப் போனவை, பெட்டி, அட்டை, பொதி கட்டும் நேரம் எல்லாம் உள்ளே வர வேண்டும்.

7. விற்பனைக் குறிப்பில் என்ன எழுதுவது

படத்தின் அளவு வேறு, தாளின் அளவு வேறு. இரண்டையும் சென்டிமீட்டரில் எழுதுங்கள். வெள்ளை ஓரம் எவ்வளவு, ஃபிரேம் உண்டா இல்லையா, கையெழுத்து உண்டா, எந்தப் பதிப்பு, என்ன தாள், என்ன மை என்று எழுதிவிட்டால் பிறகு வரும் மனத்தாங்கல்களில் பெரும்பகுதி வராது. சோபாவுக்கு மேல் மாட்டியதுபோல் காட்டும் மாதிரிப் படங்களில் அளவை நேர்மையாக வையுங்கள். ஏ3 தாளைச் சுவர் நிறையக் காட்டினால், பெட்டியைப் பிரிக்கும் நொடியில் வாங்கியவரின் முகம் வாடும்.

பெரும்பாலான நாடுகளில் ஓவியத்தை விற்றாலும் அதைப் பிரதி எடுக்கும் உரிமை ஓவியரிடமே இருக்கும், எழுதிக் கொடுத்தால் மட்டுமே மாறும். மூல ஓவியம் வாங்குபவரிடம், இந்தப் படத்துக்கு அச்சுகளும் வரும் என்பதை விற்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

8. பொதி கட்டி அனுப்புவது

ஏ3 வரை தட்டையாகவே அனுப்புங்கள். கிளாசின் தாளில் (வழவழப்பான மெல்லிய பாதுகாப்புத் தாள்) சுற்றி, அமிலமற்ற அட்டையோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதைவிட இருபுறமும் பெரிதான இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து ஒட்டுங்கள். மூலைகள்தான் முதலில் அடிபடும், அதனால் அச்சின் மூலை வெளி அட்டையின் மூலையைத் தொடவே கூடாது. பெரிய அச்சுகளைக் குழாயில் அனுப்பலாம். குழாயின் விட்டம் குறைந்தது 7.5 சென்டிமீட்டர், கெட்டித் தாளுக்கு 10. குறுகிய குழாயில் போன பருத்தித் தாள் திரும்ப நேராகாது, மேலிருக்கும் மை வெடிப்பும் விடும். அக்ரிலிக் கேன்வாஸின் மேல் பபுள் ராப்பை நேரடியாகச் சுற்றாதீர்கள். கொஞ்சம் வெயில் பட்டாலும் குமிழிகளின் வட்டம் ஓவியத்தில் பதிந்துவிடும். நடுவில் கிளாசினோ சிலிக்கான் தாளோ இருக்க வேண்டும். அக்ரிலிக் குளிரிலும் விறைத்து வெடிக்கக்கூடியது என்பதால், கேன்வாஸைச் சுருட்டி அனுப்ப நேர்ந்தால் வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி தளர்வாகச் சுருட்டுங்கள்.

பெட்டிக்குள் ஒரு சின்னக் குறிப்பு வையுங்கள். நேரடி வெயில் படும் சுவர் வேண்டாம்; தாளில் உள்ள ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியே வைக்கின்றன, வீட்டில் அவ்வளவு குறைக்க முடியாவிட்டாலும் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிர்க்கலாம். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி நல்லது. கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் அட்டை வேண்டும், தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். செல்லோ டேப் ஒட்டவே கூடாது. இவ்வளவையும் ஆறேழு வரியில் எழுதிவிடலாம்.

ஒவ்வொரு பதிப்பிலும் நீங்கள் 'இதுதான் சரி' என்று ஒப்புக்கொண்ட சோதனைப் பிரதி ஒன்றை விற்காமல் எடுத்து வையுங்கள். பின்பக்கம் தாளின் பெயர், மை, அச்சு அமைப்பு, தேதி எல்லாம் பென்சிலால் எழுதி, இருட்டான பெட்டியில் தட்டையாக வைக்க வேண்டும். ஓராண்டு கழித்து அதே பதிப்பில் இன்னும் ஐந்து வேண்டும் என்று வரும்போது மை மாறியிருக்கும், தாளின் புதுத் தொகுதி வந்திருக்கும், ஒருவேளை அச்சகமே மாறியிருக்கும். புதிதாக வந்த தாளைப் பகல் வெளிச்சத்தில் அந்தப் பிரதியின் பக்கத்தில் வைத்து, முதலில் நிழல்களைப் பாருங்கள், அப்புறம் வானத்தை. இரண்டும் ஒத்துப்போனால் எண்ணைப் போட்டுக் கையெழுத்திடலாம்.